தோலோட நிக்காது

இல்லக்கா, டாக்டர் இன்னும் நம்ம நம்பரக் கூப்புடல. உக்காருங்க. பையக் குடுங்க, உங்க விரலுக்கு அது தாங்காது. பார்லர்ல இத்தனை பேர் இருந்தும் துணைக்கு ஒருத்தியும் வரல பாத்தீங்களா? நானாத்தான் வரேன்னேன். இத விட்டுருவேனா நான்?

மறந்துட்டீங்களா? ஒரு கஸ்டமர் என் முழங்கையப் பாத்து மூஞ்சச் சுளிச்சா. மறுநாளே என்னைப் பின்கட்டுக்குத் தள்ளி டவல் துவைக்க விட்டீங்க. தோல் உதிருதாம், அதனால என் பேரு உதிரி. பேரு வச்சதும் நீங்க, மொதல்ல சிரிச்சதும் நீங்க. சொரியாசிஸ் ஒட்டுற வியாதி இல்லக்கான்னு டாக்டர் சீட்டக் கொண்டாந்து நீட்டுனேன். படிக்கல, சீப்பு நுனியால தள்ளிவிட்டீங்க. வயிறு எரிஞ்சுதுக்கா.

உங்க பின்னந்தலையில இருக்கறதும் அதேதான். ஊரு தலையெல்லாம் பாப்பீங்க, சொந்தத் தலையில இருந்தத மட்டும் பொடுகுன்னு கடை எண்ணெயவே ஊத்தித் தேச்சீங்க. விரல் வீங்கினா, கத்திரி புடிச்ச வலின்னு தைலம்.

எனக்கு அப்பவே டாக்டர் சொல்லிட்டாரு. இது தோலோட நிக்காதும்மா, மூட்டுக்குப் போகும், கண்ணுக்கும் வரலாம், சுகர், பிரஷர், நெஞ்சு எல்லாத்தையும் பாத்துக்கிட்டே இருக்கணும்னு. சீக்கிரமே மருந்த ஆரம்பிச்சா பெரும்பாலும் விரல் கோணாமப் பாத்துக்கலாமாம். நான் ஆரம்பிச்சேன். இந்தா பாருங்க, எப்படி நேரா இருக்கு.

உங்களுது நிமிருமாவா? கோணினது கோணினதுதான்னு நினைக்கிறேன். இனிமே கோணாமப் பாப்பாங்க. கத்திரி புடிக்கறதெல்லாம் கஷ்டம்தான். அழாதீங்க, எல்லாரும் பாக்கறாங்க.

உள்ள போனா எப்ப ஆரம்பிச்சதுன்னு கேப்பாரு. ஆறு மாசம்னு சொல்லிடாதீங்க, ரெண்டு வருஷம்னு சொல்லுங்க. எனக்கு எப்படித் தெரியுமா? கஸ்டமர் முன்னாடிதானே நான் யாரையும் தொடக்கூடாது, கடையச் சாத்தினா உங்க நகத்துக்கு என் கைதானே வேணும். அப்பத்தான் பாத்தேன், நகம் பூரா குண்டூசியால குத்தின மாதிரி குட்டிக் குட்டிப் பள்ளம். எனக்கும் மொதல்ல அப்படித்தான் வந்துச்சு, பாத்ததுமே புரிஞ்சுபோச்சு. அந்த வாரத்துலேர்ந்துதான் உங்களுக்கு அடர் சிவப்பு நெயில் பாலிஷ் பூச ஆரம்பிச்சேன், பள்ளம் தெரியாம ரெண்டு கோட்டு. உங்களுக்கும் அந்தக் கலரு ரொம்பப் புடிச்சுப்போச்சு.

எந்திரிங்கக்கா, நம்ம நம்பரக் கூப்புடுறாங்க.