பெயர் சொல்ல விரும்பாத அன்பர்

உங்கள் விசாரணை அறையின் இந்த மேசை விரிப்பைத் துவைத்து நாளாகியிருக்கும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அதனால்தான் நீங்கள் முதலில் கேட்டது காதில் விழவில்லை. சொல்கிறேன், மேடம். மறைக்க ஒன்றும் இல்லை.

பாளையங்கோட்டையில் எங்கள் குழந்தைகள் இல்லத்துக்குப் பதினாறு வருடமாக நான் கண்காணிப்பாளர். முத்துராணி தன் மகள் சித்ராவை நான்கு வயதில் கொண்டுவந்து விட்டாள். விக்கிரமசிங்கபுரத்தில் நூல் மில் வேலை, புருஷன் இல்லை. பிள்ளையின் தலை நிறையப் பேன். மூன்று நாள் மடியில் போட்டு நான்தான் சீவி எடுத்தேன்.

அப்போது ஞாயிறுதான் பெற்றோர் பார்க்கும் நாள். முதல் ஞாயிறு சித்ரா என் விரலைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தாயைக் கண்டதும் விட்டுவிட்டாள். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அடுத்த வாரமே அந்த நாளைப் புதன்கிழமைக்கு மாற்றினேன். ஆராதனைக்கு இடைஞ்சல் என்று காரணம் எழுதினேன்.

முத்துராணிக்கு ஞாயிறு மட்டும்தான் விடுமுறை. ஞாயிறுதோறும் வந்தாள்.

"புள்ளய ஒருக்கா பாத்துட்டுப் பைய போயிருதேன், மேடம்."

"புதன்கிழமை வாம்மா."

"புதன்ல லீவு தர மாட்டாவளே."

நான் விரட்டியதில்லை. கொண்டுவந்த பண்டத்தை வாங்கிக்கொண்டு, ஒரு பதிவேட்டை நீட்டிக் கையெழுத்தும் வாங்குவேன். அவளுக்குத் தன் பெயர் மட்டும்தான் எழுத வரும். வந்துபோனதற்கான கையெழுத்து என்று நம்பினாள். அது அன்பளிப்புப் பதிவேடு. ஒவ்வொரு எழுத்தும் இரண்டு வரி உயரம்.

வாட்ச்மேன் கொம்பையா சிரிப்பார். "ஏ தாயி, இம்புட்டுப் பெரிசா எழுதினா நோட்டு தாங்குமா?"

"எம்புள்ள வளந்து வாசிக்கணும்லா, அண்ணாச்சி."

உள்ளே பிள்ளைகள் பாடும்போது, அதில் எந்தக் குரல் சித்ராவுடையது என்று கேட்பாள். ஏதோ ஒன்றைச் சொல்வேன். கண்ணை மூடிக் கேட்டுவிட்டுப் போவாள்.

பண்டத்தைப் பகிர்ந்து கொடுப்பேன். பெயர் சொல்ல விரும்பாத அன்பர் தந்தது என்பேன். பிள்ளைகள் அவருக்காக ஜெபிப்பார்கள். சித்ராதான் எல்லோரையும்விடக் கண்ணை இறுக மூடுவாள்.

பெற்றவர் ஓராண்டு வந்து பார்க்காத பிள்ளையைத் தத்துக்கு விடலாம் என்பது சட்டம். நான் போட்ட சட்டமல்ல. குழந்தைகள் நலக் குழு கேட்டபோது பார்வையாளர் பதிவேட்டைக் கொடுத்தேன். அதில் முத்துராணியின் பெயர் இல்லை. முகவரி கேட்டார்கள், அவள் காலி செய்திருந்த வீட்டை எழுதினேன். கடிதம் திரும்பி வந்தது. பிள்ளையையும் விசாரித்தார்கள். "எங்கம்மா வரவே இல்ல" என்றாள். நான் சொல்லிக்கொடுக்கவில்லை.

சித்ராவை நானும் வைத்துக்கொள்ளவில்லையே. எனக்குச் சுயநலம் இல்லை என்பதற்கு அதுவே சாட்சி. தத்தெடுத்தவர்கள் தூரத்து ஊரிலிருந்து வந்து கூட்டிப்போனார்கள். புறப்படும்போது என் விரலை விடமாட்டேன் என்று அழுதாள். எனக்கு அது போதுமாக இருந்தது.

என்மேல் புகார் கொடுத்த முத்துராணி இப்போது வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாள். வழக்கு நடக்கிறபடி நடக்கட்டும், ஒரு கடிதம் மட்டும் வேண்டும் என்கிறாளாம். அம்மா ஒரு ஞாயிறு தவறாமல் வந்தாள் என்று சித்ராவுக்கு நான் எழுத வேண்டுமாம். நான் சொன்னால்தான் சித்ரா நம்புவாள் என்று நீங்களும் சொல்கிறீர்கள்.

உண்மைதான். அதனால்தான் முடியாது. நான் பொய் சொன்னேன் என்று தெரிந்தால் அந்தப் பிள்ளை தாங்கமாட்டாள்.

வாக்குமூலத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டேன். கடிதத்துக்கென்று நீங்கள் தந்த இந்த வெள்ளைத் தாளை மட்டும் நீங்களே வைத்துக்கொள்ளுங்கள், மேடம்.