தலைப்புக்கும் ஒரு குத்தூசி

எடை போடுவதிலும் எடுத்துரைப்பதிலும் இம்மியும் பிசகாத எங்கள் சங்கத் தலைவர் அப்துல் சுக்கூர் பாய் அவர்களே! வியாபாரிகளுக்கு ஆங்கிலப் பத்திரிகை படிக்கக் கற்றுத்தரத் துணிந்து வந்திருக்கும் ஆசிரியை நான்சி அவர்களே! செம்பட்டி, ஆத்தூர், கன்னிவாடி வட்டாரத்து வணிகப் பெருமக்களே! கல்லாவையும் கட்டியவரையும் கண்ணிமைக்காமல் காத்துவரும் தாய்மார்களே! போண்டா உண்டு என்று கேள்விப்பட்டு வந்திருக்கும் பெரியோர்களே! மக்காச்சோள வியாபாரி முத்துக்கிருஷ்ணனின் வணக்கம்.

"எட்டாவதோட நின்னவன் இங்கிலீஷ் தலைப்பைப் பத்தி என்னத்தப் பேசப்போறான்?" என்று முன்வரிசையில் சடையாண்டி அண்ணன் முணுமுணுக்கிறார். அண்ணே, செத்த நேரம் பொறுங்க. முடிச்சதும் மொத்தமா முணுமுணுக்கலாம்!

நண்பர்களே, மூட்டை வந்தால் நாம் என்ன செய்கிறோம்? வாயைப் பிரித்துப் பார்த்ததுமே மயங்கிவிடுகிறோமா? மேலே இருப்பது மணிமணியாகத்தான் இருக்கும், அடுக்கியவன் லேசுப்பட்டவனா? அதனால்தான் அடிவயிற்றில் குத்தூசியைச் செருகி, உள்ளே கிடப்பதை உருவிப் பார்க்கிறோம். உடன்பிறந்தவன் கொண்டுவந்த மூட்டையையும் குத்துகிறோம். சம்பந்தி கொண்டுவந்த மூட்டையை இரண்டு தடவை குத்துகிறோம்! ஆனால் ஆங்கிலத்தில் ஒரு வரி அச்சாகிவிட்டால் மட்டும், குத்தூசி எங்கே போகிறது? புத்தி எங்கே போகிறது?

ஆங்கிலப் பத்திரிகைத் தலைப்பு ஒரு தனி ரகம். நேற்று நடந்ததை இப்போது நடப்பதுபோல் சொல்லும். "பஸ் ஹிட்ஸ் ட்ரீ" என்றால் ஓடிப்போய்ப் பார்க்காதீர்கள். டிரைவர் நேற்றே கட்டுப் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார். இடம் போதாது என்று சின்னச் சின்னச் சொற்களை விழுங்கிவிடும். நடுவில் "டு" என்று ஒரு பொடிச்சொல் வந்தால், நான்சி டீச்சர் சொல்லித்தந்தபடி, காரியம் இன்னும் நடக்கவில்லை, நடக்கப்போவதாகப் பேச்சு, அவ்வளவுதான். "இந்தா வாரேன்" என்று போனில் சொன்னவர்கள் எல்லாம் நம் கடைக்கு வந்துவிட்டார்களா?

இந்தப் பொடிச்சொல்லில்தான் ஒரு கடையே போகப் பார்த்தது. என் பக்கத்துக் கடை ராயப்பராஜ், பருப்பு வியாபாரி. அவரும் மனைவி இஞ்ஞாசியம்மாளும் முதுகொடிய உழைத்து உண்டாக்கிய கடை. ஒருநாள் காலையில் இடத்தரகர் ஒருவர் வந்தார். பெயர் வேண்டாம், அவருக்கும் இங்கே உறவுக்காரர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். மடித்த ஆங்கிலப் பத்திரிகையில் விரலை வைத்தார்: "மார்க்கெட் டு மூவ்".

"பாத்தீகளா அப்பு? மார்க்கெட்டு ஊருக்கு வெளிய போயிருச்சு. இனி இங்கன ஈ கூட வராது. இன்னைக்கே கடைய முடிச்சுக் குடுங்க, ஏதோ வந்த வெலைக்குத் தள்ளிவிடுறேன்."

துவரையில் வண்டு இருந்தால் மூட்டை இறங்கும் முன்பே சொல்லிவிடும் ராயப்பராஜ், ஆங்கில எழுத்தைக் கண்டதும் கையெழுத்துப் போடப் பேனா தேடினார்! அப்போது உள்ளேயிருந்து வந்தார் இஞ்ஞாசியம்மாள். கையில் குத்தூசி.

"போயிருச்சா? காலையில நான் வாரப்ப இங்கனதான இருந்துச்சு?"

"இல்லம்மா, போகப்போகுது. இங்கிலீஷ் பேப்பர்லயே போட்டிருக்கான்."

"யாரு சொன்னதாப் போட்டிருக்கான்?"

"அதெல்லாம் உங்களுக்கு எதுக்கும்மா?"

"மேலாக்கப் பாத்துட்டு நாங்க மூட்டை வாங்குறதில்ல. விரிங்கண்ணே!"

தரகர் விரிக்கவில்லை. அம்மாவே குத்தூசி முனையால் மடிப்பை நெம்பிவிட்டார். அடியில் பதுங்கிக் கிடந்தது தலைப்பின் வால்: "ஸே புரோக்கர்ஸ்". அதாவது, சொல்வது புரோக்கர்கள். அம்மா எழுத்துக் கூட்டிப் படித்தார். புரோக்கர் என்ற சொல்லுக்கு அர்த்தம் தெரிய நமக்குக் கல்லூரியா வேண்டும்?

"ஏண்ணே, மார்க்கெட்டு போகுதுன்னு சொன்ன புரோக்கரு நீங்களா, உங்க கூட்டாளியா?"

கைதட்டுங்கள், அந்த அம்மா அதோ மூன்றாம் வரிசையில் இருக்கிறார்! ராயப்பராஜும் தட்டுகிறார்; தட்டாமல் இன்றைக்கு வீட்டுக்குள் நுழைய முடியுமா?

தரகர் எழுந்து நடந்தார். பின்னாலேயே குரல் போனது: "பேப்பர வச்சுட்டுப் போங்கண்ணே, பொட்டலம் மடிக்க ஆகும்!"

கடை அங்கேயே இருக்கிறது. மார்க்கெட்டும் அங்கேயே இருக்கிறது. தரகர்தான் இடம் மாறிவிட்டார்.

ஆகவே, ஆங்கிலம் கற்போம்! அஞ்சுவதற்கு அல்ல, ஆராய்வதற்கு! கும்பிடுவதற்கு அல்ல, குத்திப் பார்ப்பதற்கு! நடந்ததா, நடக்கப்போகிறதா? குத்துங்கள்! செய்தது யார்? குத்துங்கள்! சொன்னது யார்? அடிமூட்டைவரை குத்துங்கள்! அச்சில் வந்ததெல்லாம் உண்மை என்றால், என் கடை நோட்டீஸில் நான் போட்டிருப்பதும் உண்மையாகிவிடுமே!

இப்போது மேடைக்கு ஒரு சீட்டு வந்திருக்கிறது: "போண்டா டு கம்". நான்சி டீச்சர் பாடப்படி, இன்னும் வரவில்லை. இஞ்ஞாசியம்மாள் வழிப்படி, சொன்னது யார் என்று திருப்பிப் பார்த்தேன்: சடையாண்டி அண்ணன். ஆகவே அதை நம்பி யாரும் எழுந்திருக்க வேண்டாம். பொறுமையோடு கேட்ட உங்களுக்கு நன்றி கூறி, நான் மட்டும் உட்காருகிறேன். வணக்கம்.