பெரிய ஆளுக்கு ஒரு தொட்டில்

மரத்துக்கு மரம் கட்டிப் படுக்கிற இந்த ஹெமக்கை, படுத்துப் பார்க்காமல் வாங்கக் கூடாது. கடைக்கு வருகிற எல்லோரிடமும் நான் முதலில் சொல்வது இதைத்தான். செருப்பை அந்த மூலையில் விட்டுவிட்டு, கூச்சப்படாமல் ஏறிப் படுங்கள். வெளியே மழை விடுகிற பாடாக இல்லை. உங்கள் கொழும்பு ரயில் இன்னும் நானுஓயாவுக்கே வரவில்லையாம். எனக்கும் அடுத்த கிழமை கல்யாணம். காலையிலிருந்து வாய் சும்மா இருக்க மாட்டேன் என்கிறது.

மூன்று வகை வைத்திருக்கிறேன். இந்த அகலமானது இரட்டை. இரண்டு பேர் தாராளமாகப் படுக்கலாம். ஆனால் நடுப்பள்ளத்துக்கு உருண்டு வந்து ஒருவர் மேல் ஒருவர் விழுவது உறுதி. புதிதாகக் கல்யாணமானவர்கள் யாரும் அதை ஒரு குறையாகச் சொன்னதில்லை. அடுத்தது, தலைமாட்டிலும் கால்மாட்டிலும் கம்பி வைத்தது. கட்டிலில் கிடப்பது போல நேராகக் கிடக்கலாம், முதுகு வளையாது. கொஞ்சம் அவசரப்பட்டுப் புரண்டால் கவிழ்த்துவிடும். மூன்றாவது இந்தச் சாம்பல் நிறம், ஒற்றை ஆளுக்கு. மேலே வலை, அதற்கும் மேலே மழைக்குத் தறப்பாள், அடியில் குளிருக்கு ஒரு பஞ்சு மெத்தை. வலையின் சிப்பை இழுத்து மூடிவிட்டால் அட்டைகூட உள்ளே வராது. நம் மலைக்கு இதுதான் சரி. குளிர் மேலேயிருந்து வருகிறதென்று எல்லோரும் போர்வை போர்வையாகக் கட்டிக்கொண்டு போகிறார்கள். அது முதுகுக்குக் கீழேயிருந்து வருகிறது ஐயா.

முதன்முதலில் இவை வந்து இறங்கியபோது ஹட்டன் பஜாரே எங்கள் கடைக்குள் வந்துவிட்டது. கடை என் தாய்மாமா சுப்பிரமணியத்துடையது. நான் அவருடைய அக்கா மகன், கோகுலராஜ். அதுவரை கயிறும் குடையும் தறப்பாளும்தான் விற்றுக்கொண்டிருந்தோம். கம்பி வைத்ததைத் தூணுக்கும் மாடிப்படிக்கும் நடுவே கட்டி, "நீங்கதான் முதல்ல ஏறணும் மாமா" என்றேன். திருநீறும் சந்தனமுமாக ஏறினார். ஏறிய வேகத்திலேயே அது ஒரு சுற்று சுற்றியது. வேட்டி மேலே, மாமா கீழே. பக்கத்துத் துணிக்கடை கணேசமூர்த்தி அண்ணன் சிரித்த சிரிப்பில் அவருக்கு விக்கல் பிடித்துவிட்டது.

அன்றைக்கு டிக்கோயாத் தேயிலைத் தோட்டத்திலிருந்து நாகலெட்சுமி அம்மாவும் சாமான் வாங்க வந்திருந்தார். என் கூட்டாளி விஜிதரனின் அம்மா. புருஷன் இல்லாமல், கொழுந்து பறித்தே ஒற்றைப் பிள்ளையை வளர்த்தவர். பள்ளிக்கூட நாட்களில் நான் பாதிநாள் சாப்பிட்டது அவர் கையால்தான். கூச்சமே இல்லாமல் சாம்பல் ஹெமக்கில் ஏறிக் காலை நீட்டிவிட்டார்.

"ஆத்தாடி, என்னா சொகம்டா இது. பெரிய ஆளுக்கு ஒரு தொட்டிலா? கோகுலு, ஆட்டிவிடு தம்பி. இம்புட்டு நாளும் நாந்தானே எல்லாத்தையும் ஆட்டுனேன்."

ஆட்டிவிட்டேன். மாமாவின் வேட்டியை நினைத்து நினைத்துச் சிரித்தார். "போதும்டா, இதுக்கு மேல சிரிச்சா நெஞ்சு தாங்காது" என்று மாரைப் பிடித்துக்கொண்டார். அது சும்மா சொன்ன பேச்சு இல்லை. நெஞ்சு வருத்தத்துக்கு மாதாமாதம் கிளினிக் போகிறவர், பல தடவை நானே கூட்டிப் போயிருக்கிறேன்.

விஜிக்குச் சுற்றுலாக்காரர்களை மலையேற்றிக் கூட்டிப்போகிற வேலை. அவனுக்கும் மாமாவின் மகள் கேஷிகாவுக்கும் தை மாதம் கல்யாணம் என்று பேசி முடித்திருந்தார்கள். முறைப்படி எனக்கு வர வேண்டியவள். நான் யாரிடமும் அதைச் சொன்னதில்லை, சொல்லித்தான் தெரிய வேண்டுமா என்று இருந்துவிட்டேன். தோட்டக் கூலி லயத்தில் வளர்ந்த பையனுக்கு மாமா பெண் கொடுப்பார் என்று யார் கண்டது? கேஷிகா சாப்பிடாமல் கிடந்தே சம்மதம் வாங்கிவிட்டாள்.

இரண்டு பேரும் சேர்ந்துதான் ஹெமக் பார்க்க வந்தார்கள். எனக்கு வயிறு எரிந்தது. அதை மறைக்க வேண்டிய அவசியம் இப்போது இல்லை.

"ரெட்டையே குடுடா மச்சான்" என்றான் விஜி. "தைக்குப் பொறவு ஒத்தைய வச்சு நான் என்னா பண்றது?"

கேஷிகா குடைகளின் பக்கம் திரும்பிக்கொண்டு சிரித்தாள். அவள் தோள் குலுங்குவது எனக்குத் தெரிந்தது.

"தைக்குப் பொறவு வா, ரெட்டை தாறேன்" என்றேன். "நீ போறது பட்டிப்பொலைக்கு. மார்கழிக் குளிர்ல இதுல படுத்தீன்னா முதுகு வெறச்சுப் போயிரும். சாம்பலக் கொண்டு போ."

நல்ல ஆலோசனைதான். வியாபாரத்தில் நான் பொய் சொல்வதில்லை. இரட்டையை அவன் கையில் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை என்பது வேறு விஷயம்.

சோதித்துப் பார்க்க அந்தச் சனிக்கிழமையே இரண்டு பேரும் கிளம்பினோம். பட்டிப்பொல ஸ்டேஷனுக்கு மேலே, கருப்பந்தைல மரக்காட்டில் கட்டினோம். அவன் சாம்பலில், நான் கம்பியில். இருட்டுவதற்குள் நான் மூன்று தடவை கவிழ்ந்துவிட்டேன். ஒவ்வொரு தடவையும் விஜி வலைக்குள்ளிருந்து கைதட்டினான். அவனோடு இருந்தால் சிரித்து மாளாது, அதையும் சொல்லத்தான் வேண்டும்.

விடிந்ததும் நான்தான் முதலில் எழுந்தேன். மழை இல்லை என்று தறப்பாளைக் கட்டாமல் விட்டிருந்தோம். பனிக்குள் சாம்பல் ஹெமக் மட்டும் தெரிந்தது. நீளமாக, ஒல்லியாக, ஆடாமல் அசையாமல். வழியோடு போகிற ஒருவர் பார்த்தால் என்ன நினைப்பார் என்று எண்ணினேன், சிரிப்பு வந்துவிட்டது. வாயைப் பொத்திக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வருமளவுக்குச் சிரித்தேன்.

மாமாவை உங்களுக்குத் தெரியாது. பல்லி சொன்னால் சாமான் ஏற்றிய லொறியைத் திருப்பி அனுப்புகிறவர். கூறைச்சேலை எடுக்கப் போகும்போது பூனை குறுக்கே வந்ததென்று நுவரெலியா வரைக்கும் போய் வெறுங்கையோடு திரும்பியவர். கல்யாணத்துக்கு முந்தி மாப்பிள்ளை மரத்தில் தொங்கினான் என்று ஒரு பேச்சு அவர் காதில் விழுந்தால் போதும். பிறகு அவனே உயிரோடு முன்னால் வந்து நின்றாலும் மனசு ஒப்பாது. எனக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான். யாருக்கும் ஒரு கீறல் விழக் கூடாது, கல்யாணம் மட்டும் நிற்க வேண்டும்.

காட்டில் சிக்னல் இல்லை. ஸ்டேஷனுக்கு இறங்கினேன். விஜியின் போனும் என்னிடம்தான் இருந்தது. காலையில் சார்ஜ் போட்டுக்கொண்டு வருகிறேன் என்று முதல் நாளே வாங்கி வைத்திருந்தேன்.

"மாமா, விஜி மரத்துல தொங்குறான்."

"என்னாடா சொல்ற? அசையிறானா?"

"அசைவில்லீங்க மாமா. பக்கத்துல போய்ப் பாத்துட்டுத்தான் வந்தேன்."

வைத்துவிட்டேன். ஒவ்வொரு சொல்லும் உண்மை. ஸ்டேஷன் கடையில் சூடாக ஒரு பிளேன்டீ வாங்கிக் குடித்தேன். பிறகு காட்டுக்கு ஏறிப் போய் விஜியை எழுப்பி, இரண்டு பேருமாக நூடில்ஸ் அவித்தோம்.

வேன் வந்து சேரும்போது வெயில் ஏறியிருந்தது. மாமா, கணேசமூர்த்தி அண்ணன், பஜாரில் பாதிப் பேர். எல்லோரும் தலையிலடித்துக்கொண்டு மரங்களுக்கிடையே ஓடி வந்தார்கள். விஜி கையில் நூடில்ஸ் தட்டோடு ஒரு மரத்துக்குப் பின்னால் நின்றான். மாமா அவனைப் பார்க்கவில்லை. நேரே போய் அந்தச் சாம்பல் ஹெமக்கைக் கட்டிப்பிடித்து, "ஐயோ ராசா, உனக்கு நான் என்னா கொற வச்சேன்" என்று விழுந்து அழுதார். அது அவரையும் இழுத்துக்கொண்டு ஊசலாடியது.

"மாமா" என்றான் விஜி பின்னாலிருந்து. "அதுல ஒண்ணுமில்லீங்க. என்னா தேடுறீங்க?"

அப்புறம் நடந்ததைச் சொல்லி முடியாது. மாமா அவன் கன்னத்தில் ஒன்று வைத்தார், உடனே அதே கன்னத்தில் முத்தம் கொடுத்தார். கணேசமூர்த்தி அண்ணனுக்குத் திரும்பவும் விக்கல். நானும் தரையில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். என் வாழ்நாளில் அப்படிச் சிரித்ததில்லை. சிரித்துக்கொண்டேதான் எல்லோரும் ஸ்டேஷனுக்கு இறங்கினோம்.

அங்கே சிக்னல் வந்ததும் எல்லோருடைய போனும் ஒன்றாக அடிக்கத் தொடங்கியது.

காலையில் வேனில் ஏறுவதற்கு முன்பே கணேசமூர்த்தி அண்ணன் டிக்கோயாவுக்குச் சொல்லியிருக்கிறார். நாகலெட்சுமி அம்மா லயத்துக்குத் தண்ணீர் விழுகிற பீலிக்கரையில், கையில் போனோடு, அப்படியே உட்கார்ந்திருக்கிறார். அவ்வளவுதான், பிறகு எழுந்திருக்கவில்லை. பக்கத்து வீட்டுப் பழனியாண்டி போனில் அதைச் சொல்லச் சொல்ல விஜி, "இல்ல, நான் நல்லாத்தானே இருக்கேன், அம்மாகிட்ட குடுங்க, நான் பேசுறேன்" என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தான். கேட்க முடியவில்லை. எனக்கும் அழுகை வந்தது, நிஜமாகவே வந்தது.

சாவு வீட்டில் எனக்கு வழி சொல்லிக் கொடுத்தவரும் பழனியாண்டிதான். "தம்பி 'தூங்குறான்'னுதான் சொல்லியிருக்கும். மலைக்காட்டு லைன்ல அது 'தொங்குறான்'னு கேட்டிருக்கு" என்றார். கூடியிருந்தவர்கள் எல்லோரும் ஆமாம் ஆமாம் என்றார்கள். மாமாவும் தலையாட்டினார். விஜி என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீ என்னா மச்சான் பண்ணுவ, நான் அந்தச் சனியன்ல படுக்காம இருந்திருக்கணும்" என்றான். நான் தலையைக் குனிந்துகொண்டேன். சும்மா இருப்பது பொய்யாகாது.

தாய் போன வருஷத்தில் கல்யாணம் இல்லை. வருஷம் முடிவதற்குள் மாமாவுக்கு மனம் மாறிவிட்டது. தாயைக் கொண்டுபோன சம்பந்தம் வேண்டாம் என்றார். விஜியும் மறுத்துப் பேசவில்லை. மலையேறுவதையே விட்டுவிட்டு கட்டாருக்குப் போய்விட்டான். கேஷிகா நிறைய அழுதாள். நான் பொறுமையாக இருந்தேன். அழுது ஓய்ந்த ஒரு நாள் நான் கல்யாணத்தைப் பற்றிக் கேட்டதும், "உங்க இஷ்டம் அத்தான்" என்றாள்.

லைன் சரியில்லை என்று ஊர் சொல்கிறதே, அது ஒன்றுதான் தப்பு. அன்றைக்கு லைன் கண்ணாடி மாதிரி இருந்தது. நான் ஸ்டேஷன் வாசலில் பிளேன்டீயோடு நின்றபோது விஜியின் போன் அடித்தது. நாகலெட்சுமி அம்மா. எடுத்தேன்.

"சாமி, எடுத்திட்டியா" என்றார். எடுத்தது மகன் என்று நினைத்துச் சிரித்தேவிட்டார்.

"நான் கோகுலும்மா."

"பஜார்ல என்னமோ சொல்றாங்கடா. எம்புள்ள தூங்குறானா, தொங்குறானா? எனக்கு வெளங்குற மாதிரி சொல்லு தம்பி. நீ சொன்னா நம்புறேன்."

இரண்டுமே உண்மைதான் என்பதை நீங்கள் கவனிக்க வேண்டும். தொங்கிக்கொண்டுதான் தூங்கினான். தூங்குறான் என்றிருந்தால் அவர் அந்த நிமிஷமே மாமாவைக் கூப்பிட்டிருப்பார், தையில் மேளம் கொட்டியிருக்கும். "தொங்குறாம்மா" என்றேன். அவருக்குக் காது கொஞ்சம் மந்தம். அதனால் நிறுத்தி, நிதானமாக, இன்னொரு தடவையும் சொன்னேன். பிறகு அந்த அழைப்பைப் போனிலிருந்து அழித்துவிட்டேன்.

ஏன் இறங்கிவிட்டீர்கள்? மழை விடவில்லையே. இன்னும் கொஞ்சம் படுத்துப் பாருங்கள், கட்டாயம் ஒன்றும் இல்லை. என்னிடம் வாங்குகிறவர்கள் யாரும் ஏமாந்ததில்லை. கோகுலுக்குப் பொய் சொல்லத் தெரியாது என்று அந்த அம்மாவே எல்லோரிடமும் சொல்லுவார். அவர் கண்ணை மூடும்வரை அந்தப் பெயரை நான் கெடுத்துக்கொள்ளவில்லை.