உதிராத கண்ணாடி

வீடு கட்டுவோர்க்குப் பயன்படும் என்பதாலும், கேட்டதை என்னுள்ளேயே வைத்திருக்க இயலாமையாலும் இதனை எழுதுகிறேன். தென்காசியிலிருந்து இலஞ்சி வழியாகக் குற்றாலம் செல்லும் பேருந்தில் என் முன்னிருக்கையில் ஓர் இளந்தாய் அமர்ந்திருந்தார். அவருடைய வீட்டுச் சன்னலுக்குக் கண்ணாடி பதித்த தொழிலாளர் அருகில் நின்றிருந்தார்.

"அண்ணாச்சி, கண்ணாடி உடைஞ்சதுலருந்து பிள்ள அழவே மாட்டேங்கு."

"நல்லதுதானம்மா. எம் பேரனையும் கொண்டாந்து விடுதேன்."

"வெளயாடாதிய. தொட்டில் அந்தச் சன்னலுக்கு அடியிலதான் கிடக்கு. வெளியருந்து குரங்கு அடிச்ச அடியில கண்ணாடி பூரா விரிஞ்சு போச்சு. ஆனா ஒரு துண்டுகூடப் பிள்ள மேல விழல."

"விழாது. ரெண்டு கண்ணாடிக்கு நடுவுல ஒட்டியிருக்கிற தாளு பிடிச்சுக்கிடும். ஒட்டுக் கண்ணாடின்னதும், ஒட்டுப்போட்ட பழசுன்னுல்லா உங்க வீட்டுக்காரர் ஏசினாரு."

"அவுக நேத்து துபாய்லருந்து தொழுதுட்டு உங்களுக்குத்தான் துஆ செஞ்சாவ."

தொழிலாளர் குனிந்து குரலைத் தாழ்த்தினார்.

"காலையில தடவிப் பாத்தேம்மா. வெளிக் கண்ணாடி வழுவழுன்னு இருக்கு. உள் கண்ணாடிதான் உடைஞ்சிருக்கு. அடி உள்ளருந்து விழுந்திருக்கு."

"உள்ள பிள்ள மட்டும்லா கிடந்துச்சு."

"இப்பத் துணைக்கு யாரு?"

"தூங்குதுன்னு கதவச் சாத்திட்டு வந்தேன். மாமி அடுப்படியில இருக்காவ."

அவர் வீடிருக்கும் இலஞ்சி நிறுத்தம் இன்னும் வரவில்லை. அப்பெண் எழுந்து படியருகே சென்று நின்றுகொண்டார்.

வெளியே விழுந்த அடியால் உட்கண்ணாடி மட்டும் உடைதல் கூடுமெனில், அறிந்தோர் அன்புகூர்ந்து என்னைத் திருத்துக.