செத்தாச்சு

பாதி டம்ளர் தேநீர் போதும் என்றது, எனக்கு அதிகம் குடிக்கும் பழக்கமில்லை என்பதால்தான் ஐயா. நீங்களாக வேறு காரணம் தேட வேண்டாம்.

மாப்பிள்ளையும் நானும் பதினொரு வருடமாக ஒரே மேசையில் எதிரெதிரே வேலை பார்த்தவர்கள். அவனை அந்தத் தொழிற்சாலையில் சேர்த்துவிட்டது நான். என் தங்கையைக் கொடுத்ததும் நான்தான்.

டர்பைன்களைக் கட்டுப்படுத்தும் உயர் மின்னழுத்த சர்க்யூட் போர்டுகளைச் சோதித்து அனுப்புவது எங்கள் வேலை. சுவிட்சை அணைத்த பிறகும் போர்டிலுள்ள கெப்பாசிட்டர்களில் ஆளைக் கொல்லுமளவு மின்சாரம் தேங்கி நிற்கும். எர்த் கம்பி கட்டிய தடியால் தொட்டு அதை வடித்துவிட வேண்டும். அது என் பொறுப்பு. வடித்ததும் "செத்தாச்சு" என்பேன். அதற்கப்புறம்தான் மாப்பிள்ளை கை வைப்பான். மீட்டர் வைத்து இன்னொரு தடவை பார்க்க வேண்டும் என்பது விதி. நான் சொன்ன பிறகு அவன் மீட்டரை எடுத்ததே கிடையாது. புதிதாக வந்தவர்கள் அந்தச் சொல்லைக் கேட்டுத் திடுக்கிடுவார்கள், நாங்கள் சிரிப்போம்.

போன மாதம் தடி வழுக்கி ஒரு போர்டு புகைந்துபோனது.

"கை நடுங்குது மச்சான். டாக்டர்கிட்ட காட்டுங்க."

தடிதான் வழுக்கியது என்றேன். "சரி விடுங்க, நமக்குள்ளயே இருக்கட்டும்," என்று தோளைத் தட்டினான்.

மூன்றாம் நாள் மேலாளர் கூப்பிட்டார். அவர் மேசைமேல் மாப்பிள்ளை எழுதிய கடிதம் இருந்தது. வரும் திங்கள் முதல் நான் அட்டைப்பெட்டி ஒட்டும் பிரிவுக்குப் போக வேண்டுமாம். நேரே போய் அவனிடம் கேட்டேன்.

"உங்களுக்கு ஒண்ணு ஆச்சுன்னா வீட்ல அவளுக்கு நான் என்ன பதில் சொல்றது?"

முதுகில் குத்திவிட்டு அக்கறையைப் பாருங்கள். நமக்குள் இருக்கட்டும் என்ற அதே வாய்தான் ஐயா.

வெள்ளிக்கிழமை, நாங்கள் சேர்ந்து பார்த்த கடைசி போர்டு. சுவிட்சை அணைத்தேன். தடி சுவரில் மாட்டிய இடத்திலேயே தொங்கியது. அவன் குனிந்து சட்டை நுனியால் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

"ஆச்சா மச்சான்?"

"செத்தாச்சு," என்றேன்.

என் கையை நம்பாதவன் என் வாயை நம்பினான். விதிப்படி மீட்டர் வைத்துப் பார்த்திருக்கலாம். அதை மட்டும் யாரும் பேசுவதில்லை.

மருத்துவமனையில், பிணவறை வாசலில் தங்கை என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீ பக்கத்துல இருந்துமாண்ணா இப்படி ஆச்சு?" என்று அழுதாள். பிறகு, "உன் கை ஏன் இப்படி நடுங்குது?" என்றாள். நடுங்கியது அவள் கை. துக்கத்தில் அவளுக்குத் தெரியவில்லை, பாவம்.

தடியைத் தொடவில்லை என்று தெரிந்தேதான் சொன்னேன். அவன் சாக வேண்டும் என்றுதான் சொன்னேன். அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். சுவிட்சை அணைத்தபோது என் கை கல் மாதிரி இருந்தது, அதையும் சேர்த்து எழுதுங்கள்.

கையெழுத்துப் போட்டுவிட்டேன். கோணல்மாணலாக இருக்கிறதே என்று பார்க்காதீர்கள் ஐயா, உங்கள் பேனா சரியில்லை.