வழி கேட்காத மச்சான்

மணல் பட்டால் மூக்குக்கண்ணாடியில் கீறல் விழும், ஐயா. நான் கண்ணாடிக் கடை வைத்திருப்பவன். யார் கேட்டாலும் இதைத்தான் சொல்வேன். பாலைவனத்தில் வண்டியை விட்டு இறங்கியதும் மச்சானிடமும் அதைத்தான் சொன்னேன். "புதுக் கண்ணாடி மச்சான், குடுங்க, நான் வெச்சுக்கறேன்." கழற்றிக் கொடுத்தார். அதனால்தான் அது என் சட்டைப்பையில் இருக்கிறது. நன்றாகத் துடைத்துத்தான் வைத்திருக்கிறேன்.

மச்சான் என் மனைவியின் அண்ணன். நாட்டின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் காரிலேயே போவோம் என்றது அவர்தான். வண்டி என்னுடையது, ஓட்டியது அவர். மனைவி முன் சீட்டில். நான் பின்னால், தண்ணீர்க் கேன்களுக்கும் மூட்டைகளுக்கும் நடுவில்.

அவர் யாரிடமும் வழி கேட்க மாட்டார். என் போன் வழி சொன்னபோது, "அந்தப் பொம்பளை சொல்லித்தான் எனக்கு வழி தெரியணுமா? அணைங்க மாப்ளே" என்றார். அணைத்தேன். பகல் முழுக்கச் சுற்றி ஒரு சிமெண்ட் ஆலையின் வாசலில் கொண்டுபோய் நிறுத்தினார். கொஞ்சமும் கூசாமல், "இதுவும் பாக்க வேண்டிய எடந்தான்" என்றார். நான் இறங்கிக் காவலாளியிடம் வழி கேட்கப் போனேன். என் கையைப் பிடித்து இழுத்து, "மானத்த வாங்காதீங்க மாப்ளே" என்றார். மனைவி வாய்விட்டுச் சிரித்தாள்.

அது எனக்குச் சுருக்கென்று தைத்தது. ஒரே ஒரு தடவை இந்த மனிதர் என்னைப் பார்த்து, 'மாப்ளே, எந்தப் பக்கம்?' என்று கேட்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். அதற்கு மேல் எதுவும் இல்லை.

பாலைவனத்தில் இறங்கிக் கண்ணாடியைக் கொடுத்த பிறகு, மணல்மேட்டுக்கு அப்பால் என்ன இருக்கிறது என்று பார்த்துவிட்டு வருகிறேன் என்றார். காற்றில் காலடித் தடம் நிற்காது என்று அவருக்குத் தெரியும், விவரமானவர். வண்டியில் கிடந்த சிவப்புக் குடையை விரித்து, பக்கத்து மேட்டின் உச்சியில் நட்டுவிட்டுப் போனார். சிவப்பு அவருக்குக் கண்ணாடி இல்லாமலும் கலங்கலாகத் தெரியும், மணல் நிற வண்டி தெரியாது. போனைச் சார்ஜில் போட்டிருந்தார். மனைவி வண்டிக்குள் தூங்கிக்கொண்டிருந்தாள்.

நான் அந்தக் குடையைப் பிடுங்கிக்கொண்டு அடுத்த மேட்டில் போய் நின்றேன். அவர் திரும்பினார், சிவப்பைப் பார்த்தார், நேராக வந்தார். நான் அதற்கடுத்த மேட்டுக்குப் போனேன். அதற்கும் வந்தார். நிழலுக்கு நிழல், விளையாட்டுக்கு விளையாட்டு. எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். கண்ணாடி மட்டும் இருந்திருந்தால் குடைக்கு அடியில் என் கால்கள் நடப்பதைப் பார்த்திருப்பார்.

வெகுதூரம் வந்தபிறகு அவர் உட்கார்ந்துவிட்டார். "மாப்ளே" என்று கத்தினார். காத்திருந்தேன். மறுபடியும் "மாப்ளே, மாப்ளே" என்றுதான் வந்தது. கூப்பிட்டாரே தவிர, வழி கேட்கவில்லை. அப்போதுகூட என்ன வீம்பு பாருங்கள்.

குடையை மடக்கினேன். அங்கே காற்று அதிகம், கம்பி வளைந்துவிடும்.

சுற்றிக்கொண்டு திரும்பி வந்து, குடையைப் பழைய மேட்டிலேயே நட்டுவைத்தேன். மனைவி விழித்து, "அண்ணன் எங்கங்க?" என்றாள். "வந்துருவார், வழி தெரிஞ்சவர்தானே" என்றேன். அதிலும் பொய் இல்லை.

உங்கள் ஆட்கள் வந்து, அவர் எந்தப் பக்கம் போனார் என்று கேட்டார்கள். முதலில் அவர் எந்தப் பக்கம் போனாரோ, அதைக் கை நீட்டிக் காட்டினேன். கடைசியாக எங்கே இருந்தார் என்று ஒருவரும் கேட்கவில்லை. இரவெல்லாம் அந்தப் பக்கமே தேடினார்களாம், பாவம்.

இப்போது நீங்கள் கேட்டுவிட்டீர்கள், சொல்கிறேன். குடை நிற்கும் மேட்டிலிருந்து, அவர்கள் தேடிய பக்கத்துக்கு நேர் எதிர்ப்பக்கம் போங்கள். தண்ணீர் எடுத்துக்கொண்டு போங்கள், அவர் கையில் கொண்டுபோகவில்லை. இந்தக் கண்ணாடியையும் கொடுத்துவிடுங்கள்.

வழி சொல்வதில் எனக்கு என்ன கஷ்டம், ஐயா? அவர் வாயைத் திறந்து கேட்டிருந்தால், அவருக்கும்தான் சொல்லியிருப்பேன்.