கோலிக்குண்டு போட்ட பாட்டில்

விடிவதற்குக் கொஞ்சம் முன்பு. ஆற்றுக்கு இறங்கும் மண்சாலை… வண்டித்தடம் தவிர வேறொன்றும் இல்லாத சாலை. அதன் முடிவில் ஒரு பழைய வேன், பக்கத்தில் ஒரு கூடாரம். பறவைகூட இன்னும் வாய் திறக்கவில்லை. அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது.

கட… கட… சளக்.

இருங்கள், முதலிலிருந்து சொல்கிறேன். வரிசை தப்பினால் எனக்கே குழம்பிவிடும். கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். அந்தப் பாட்டிலை மட்டும் பைக்குள் வைத்துவிடுங்கள். நாளைக் காலை ஆம்லெட்டுக்கு முட்டையை வீட்டிலேயே உடைத்து ஊற்றிக்கொண்டு வந்தது நல்ல யோசனைதான், குறை சொல்லவில்லை. ஆனால் இப்போது குலுக்காதீர்கள்.

நம் மாலை வகுப்பில் என் பக்கத்தில் உட்காருவாளே, தையல்காரி… இங்கே கூடாரம் போட நம்மோடு வரமாட்டேன் என்று சொல்லிவிட்டவள்… இது அவளுடைய மாமாவுக்கு நடந்தது. அம்மாவின் அண்ணன். மெக்கானிக். அவள் சொன்னதைத்தான் சொல்கிறேன். எங்காவது கூட்டிச் சொல்வதுபோல் பட்டால் நிறுத்திவிடுங்கள்.

அவளுடைய அப்பா பெயிண்டர். எவ்வளவு தேய்த்துக் குளித்தாலும் அவர்மேல் பெயிண்டில் கலக்கும் டர்பன்டைன் வாசனை இருக்கும். அவரும் மெக்கானிக்கும் வருடா வருடம் அந்த ஆற்றங்கரையில் போய்க் கூடாரம் போடுவார்கள். மீன் பிடிக்கப் போவதாகப் பெயர். ஒரு மீன்கூட வீடு வந்து சேர்ந்ததில்லை.

காலைச் சாப்பாடு பெயிண்டரின் பொறுப்பு. முட்டை, பொடியாக நறுக்கிய வெங்காயம், பச்சை மிளகாய், உப்பு, எல்லாம் ஒரு தண்ணீர் பாட்டிலுக்குள் போய்விடும். கூடவே, நன்றாகக் கழுவிய ஒரு நீலக் கோலிக்குண்டு. ஸ்ப்ரே பெயிண்ட் டப்பாவைக் குலுக்கினால் உள்ளே ஒரு குண்டு உருளுமே, அதிலிருந்து பிடித்த யோசனை. கட… கட… சளக். குண்டே முட்டையை அடித்துக் கலக்கிவிடும். கிண்ணம் வேண்டாம், கரண்டி வேண்டாம், குப்பையாக முட்டை ஓடும் சேராது. சின்ன அடுப்பில் வாணலி காய்ந்ததும், குண்டு விழாமல் பாட்டில் வாயில் விரலைக் குறுக்கே வைத்து நேராக ஊற்றுவார். மிச்சமிருக்கும் எண்ணெயில் ரொட்டியைப் புரட்டினால் வேலை முடிந்தது.

"இதைவிடச் சுலபமா யாராலயும் செய்ய முடியாது" என்று மகளிடம் பெருமை அடித்துக்கொள்வார்.

"மாமா சாப்பிட்டுட்டு என்னப்பா சொன்னார்?"

"உங்க மாமாவா? உப்புன்னார்."

கடைசியாகப் போனபோது பெயிண்டர் திரும்பி வரவில்லை. சாப்பிட்டு முடித்து வாணலியையும் பாட்டிலையும் கழுவ ஆற்றுக்குள் இறங்கியிருக்கிறார். பாறை இடுக்கில் கால் மாட்டிக்கொண்டது. மேலே அணையைத் திறந்துவிட்டிருந்தார்கள். தண்ணீர் மெதுவாக ஏறியிருக்கிறது… இடுப்பு, மார்பு, கழுத்து. மெதுவாக. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். உடலை எடுத்த மீன்காரர், ரொம்ப நேரம் நின்று போராடியிருக்கிறார் என்றுதான் சொன்னாராம். பாட்டில் கிடைக்கவில்லை.

மெக்கானிக் வீட்டில் வந்து சொன்னது இது: "நான் தூங்கிட்டிருந்தேன். ஒரு சத்தமும் கேக்கல. அவன் குடிச்சிருந்தான்."

பெயிண்டர் குடிக்கமாட்டார். ஆனால் அந்தச் சொல் சொந்தக்காரர்கள் வீட்டுக்கு வீடு போனது. துக்கம் கேட்க வந்தவர்கள் திரும்பும்போது வாசலிலேயே நின்று பேசிக்கொண்டார்கள். குடிகாரன் பெண் என்று தையல்காரியின் முகத்துக்கு நேரே ஒருத்தி சொன்னாள். போய்ச் சேர்ந்த மனிதருக்கு மிச்சமிருப்பது பெயர் ஒன்றுதான், அதையும் பிடுங்கிக்கொண்டார்கள்.

அவள் அம்மா ஒரு வருடம் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தாள். பிறகு ஒருநாள் அண்ணன் வீட்டுக்குப் போய் நின்றாள்.

"நீ தூங்கின எடத்தையும் அவர் நின்ன எடத்தையும் எனக்குக் காட்டு."

மறுக்க முடியவில்லை. மூவரும் போனார்கள். மெக்கானிக் கூடாரத்தில், அம்மாவும் மகளும் வேனில். காலைக்கு ரொட்டியும் அவித்த முட்டையும் மட்டும் கட்டிக்கொண்டு போயிருந்தார்கள். பாட்டிலில் முட்டை ஊற்றும் பழக்கம் பெயிண்டரோடு போயிருந்தது.

இப்போது அந்த விடிகாலைக்கு வருகிறேன்.

கட… கட… சளக்.

தையல்காரி கண் விழித்தாள். ஆற்றுப் பக்கமிருந்து வந்தது. கூடவே வாசனை… வெங்காயம் வதங்கும் வாசனை. அதன் அடியில், மெல்லிசாக, டர்பன்டைன். அம்மாவின் கை அவள் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்திருந்தது.

"உனக்கும் கேக்குதா?"

அவள் பதில் சொல்வதற்குள் கூடாரத்திலிருந்து குரல் வந்தது. அரைத் தூக்கத்தில், எரிச்சலாக.

"உருட்டு மாப்பிள்ளை, நல்லா உருட்டு. கோவத்தைப் பாத்திரத்துல காட்டினா நான் எந்திரிச்சு வந்துருவனா?"

பிறகு போர்வையை இழுத்து மூடிக்கொள்ளும் சத்தம்.

வேன் கதவு திறந்தது. அவள் அம்மா கத்தவில்லை. கூடாரத் துணியை விலக்கிக்கொண்டு நின்றாள்.

"அப்போ அன்னிக்கு உனக்குக் கேட்டிருக்கு."

"என்னம்மா… தூக்கத்துல ஏதோ உளறி…"

"கேட்டிருக்கு. எவ்வளவு நேரம் கேட்டுச்சு?"

மெக்கானிக் எழுந்து உட்கார்ந்தார். ஆற்றைப் பார்த்தார். சத்தம் நின்றிருந்தது.

"உப்பு ஜாஸ்தின்னு தட்டைக் கவுத்துட்டுத் திரும்பப் படுத்துட்டேன். ஒண்ணும் பேசாம கழுவப் போனான். அப்புறம் அங்கேருந்து பாட்டிலை உருட்டினான். கோவமா இருக்கான்னு நெனச்சேன்மா… ரொம்ப நேரம் உருட்டினான்."

ஆற்று இரைச்சலில் குரல் அமுங்கிவிடும். வாய்க்குள் தண்ணீரும் போன மனிதரால் வேறு எப்படிக் கூப்பிட முடியும்? சொல்லுங்கள்.

"குடிச்சிருந்தாரா?"

"இல்ல."

"ஏன் அப்படிச் சொன்ன?"

"எதையாவது சொல்லணுமேன்னு…"

"சொந்தக்காரங்க எல்லாரையும் கூப்பிடறேன். இப்போ சொன்னதை அவங்க முன்னாடி சொல்லு. ஒரு வார்த்தை கொறையாம."

அவர் தலையாட்டினார். அப்போதுதான் தையல்காரி அதைப் பார்த்தாள். வேனிலிருந்து யாரும் இறக்காத, யாரும் பற்ற வைக்காத சின்ன அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. கூடார வாசலில், மணலில், ஒரு தட்டு கவிழ்ந்து கிடந்தது. தூக்கினால் ஆம்லெட். ஆவி பறந்தது. மணல் ஒட்டவே இல்லை.

"அந்த மீன்காரன் வெளையாடறான்" என்றார் மெக்கானிக். பயமில்லை என்று காட்ட ஒரு துண்டைப் பிய்த்து வாயில் போட்டார். மென்றார். முகம் வெளுத்தது.

"உப்பு… சரியாத்தான் இருக்கு."

அவர் தொண்டையில் கடினமாக ஏதோ உருண்டு இறங்கியதை அம்மாவும் மகளும் பார்த்தார்கள்.

சொந்தக்காரர்கள் கூடினார்கள். கூடம் நிறைந்து வாசல்வரை ஆட்கள். மெக்கானிக் எழுந்து நின்றார். தங்கையைப் பார்க்காமல் ஆரம்பித்தார்.

"அன்னிக்கு நான் நல்ல தூக்கம். எனக்கு எதுவும்…"

கட.

அவர் நெஞ்சுக்குள்ளிருந்து. எதிர்வரிசையில் ஒருவர், "சளி ரொம்பக் கட்டியிருக்கு போல" என்றார். மெக்கானிக் உட்கார்ந்துவிட்டார். அவ்வளவுதான். சொந்தக்காரர்கள் வாயில் பெயிண்டர் குடிகாரராகவே இருந்தார். தையல்காரியின் அம்மா எழுந்து, வந்தவர்களுக்கு வைத்திருந்த காப்பியை முற்றத்தில் கொட்டினாள்.

அதன்பிறகு மெக்கானிக் நடந்தால் கட. இருமினால் சளக். டாக்டர் படம் எடுத்துப் பார்த்து ஒன்றுமில்லை என்றார்.

சில வாரம் போயிருக்கும். மறுபடி ஒரு விடிகாலை. இந்த முறை சத்தம் தையல்காரி வீட்டுக் கதவுக்கு வெளியே. கட… கட… நடுநடுவே கதவில் உள்ளங்கை படும் ஓசை. பேச்சு இல்லை. வாய் நிறையத் தண்ணீர் வைத்துக்கொண்டு பேச முயன்றால் ஒரு சத்தம் வருமே… அது மட்டும்.

தையல்காரி எழுந்தாள். அம்மா கையைப் பிடித்து இழுத்தாள்.

"படு."

"அம்மா, அது மாமாதான்…"

"தெரியும். உருட்டட்டும். நல்லா உருட்டட்டும்."

போர்வையை இழுத்து இருவர் தலையையும் மூடினாள். சத்தம் ரொம்ப நேரம் கேட்டது. பிறகு நின்றது.

விடிந்து கதவைத் திறந்தபோது மெக்கானிக் வாசல் நிலையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். உயிர் இல்லை. தெரு காய்ந்து கிடந்தது. அவர் சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. வாய்க்குள் ஆற்று மணல். மடியில் அந்தப் பழைய பாட்டில், மூடியில் பச்சைப் பெயிண்ட் கறையோடு. அவள் அம்மா எடுத்துக் குலுக்கிப் பார்த்தாள்.

சத்தம் வரவில்லை. குண்டு அதில் இல்லை.

வந்தவர்களிடம் அம்மா நடந்ததையெல்லாம் சொன்னாள், கதவைத் திறக்காததைத் தவிர. இப்போது பெயிண்டரைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை.

நம்மோடு ஏன் வரவில்லை என்று போன வாரம் தையல்காரியைக் கேட்டேன். ஊசியில் நூல் கோத்துக்கொண்டே சொன்னாள். நிமிரவில்லை.

"காலைல அம்மா அடுப்படிக்கு நடந்தா நெஞ்சுக்குள்ளேருந்து சத்தம் வருது. கட… கட… மொதல்ல லேசா இருந்துச்சு. நான் வெளியில தங்கிட்டா, ராத்திரி அம்மா கூப்பிட்டா எந்திரிக்க வீட்டுல ஆள் வேணும்ல?"